முடக்குவாதம் கிளம்பினால்: எந்த மருந்து, எதற்கு, எத்தனை நாள்

காலையில் எழும்பிக் குழாயைத் திறக்கப் பார்த்தால் கை பிடிக்கவில்லை. விரல் மொளிகள் உப்பியிருக்கின்றன, மணிக்கட்டு சுடுகிறது, காலை நிலத்தில் ஊன்றினால் பாதத்தின் முன்பக்கம் கூழாங்கல்லை மிதித்ததுபோல நோகிறது. போன கிழமைவரை தேங்காய் திருவி, புட்டு அவித்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன முடக்குவாத நோயாளி ஒருவருக்கு இப்படி ஆகி, இரண்டு நாளாகியும் தணியாமல் நின்றால், வருத்தம் கிளம்பிவிட்டது, அதாவது கிளர்ச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் கட்டுரை அந்த நாட்களில் மருந்தைக் கையாள்வது பற்றியது.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூட்டின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. மூட்டு வழுக்கி அசைவதற்கான திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. முடக்குவாதத்தில் உடம்பின் நோயெதிர்ப்புப் படையே அந்தச் சவ்வைப் பகை என்று எண்ணித் தாக்குகிறது. சவ்வு தடித்து, திரவம் பெருகி, மூட்டு வீங்குகிறது. மாதக்கணக்கில் இப்படியே விட்டால் குருத்தெலும்பும் பக்கத்து எலும்பும் அரிபடத் தொடங்கும். விரல்கள் ஒருபக்கமாகச் சரிந்து போவது அதற்குப் பிறகு. வயது போனால் வரும் மூட்டுத் தேய்வு வேறு. தேய்ந்த முழங்கால் நடந்தால் நோகும், இருந்தால் ஆறும். முடக்குவாதம் எதிர்மாறு: இராத்திரி முழுக்க ஓய்வெடுத்த பிறகுதான் மூட்டு இறுகிக் கிடக்கும், அசைய அசைய இளகும். அந்தக் காலை இறுக்கம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால் உள்ளே அழற்சி மும்முரமாக இருக்கிறது.

எல்லா நோவும் கிளர்ச்சி ஆகாது. கோணேசர் கோயில் ஏற்றத்தை வெயிலில் ஏறி இறங்கிய அடுத்த நாள் முழங்கால் நோவது, நிறைய உடுப்புத் தோய்த்த பிறகு மணிக்கட்டு உளைவது ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். கிளர்ச்சியில் பல மூட்டுகள் சேர்ந்து வீங்கும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். உடம்பு அடித்துப்போட்டதுபோல அசதியாக இருக்கும், சாப்பாட்டில் மனம் போகாது. வைத்தியர்கள் இதை அளக்க 28 மூட்டுகளை எண்ணுவார்கள்: தோள்கள், முழங்கைகள், மணிக்கட்டுகள், முழங்கால்கள் ஆகிய எட்டும், இரு கை விரல்களின் அடிமொளிகள் பத்தும், நடுமொளிகள் பத்தும் (பெருவிரலுக்கு அதன் ஒரே மொளி). நோகிறவை எத்தனை, வீங்கியவை எத்தனை என்பதோடு, உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனையையும், நீங்கள் சொல்லும் நிலைமையையும் சேர்த்து ஒரு புள்ளி போடுவார்கள். 2.6க்குக் கீழே என்றால் நோய் அடங்கியிருக்கிறது, 5.1க்கு மேலே என்றால் கடுமை. பாதம் இந்தக் கணக்கில் இல்லை. அதனால் கால் நோவு இருந்தால் நீங்களாகவே வாய்திறந்து சொல்லவேண்டும். வீட்டில் இதே எண்ணிக்கையை ஒரு கொப்பியில் எழுதுங்கள்: தேதி, வீங்கிய மூட்டு, காலை இறுக்கம் எத்தனை நிமிடம், அன்று விழுங்கிய குளிசை. கிளினிக்கில் உங்கள் முறை வரும்போது கிடைப்பது சில நிமிடங்கள். அப்போது "ஒரே நோவு டொக்டர்" என்பதைவிட அந்த ஒரு பக்கம் உதவும்.

மருந்துகள் மூன்று வகை. இதில் ஏற்படும் குழப்பந்தான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். ஓட்டை விழுந்த தோணியில் போகிறவர் முதலில் தண்ணீரை இறைப்பார், கரைக்கு வந்து ஓட்டையை அடைப்பார். ஸ்டீரொயிட் இறைக்கிற வேலை, மெதோட்ரெக்ஸேட் போன்ற அடிப்படை மருந்துகள் அடைக்கிற வேலை. நோமாத்திரைகள் இரண்டும் செய்யாது. தோணியில் இருப்பவருக்குக் குளிர் தெரியாமல் ஒரு போர்வை, அவ்வளவுதான். பலர் செய்வது என்னவென்றால், அடைக்கிற மருந்தை "குடிச்சும் நோவு குறையேல்லை" என்று விட்டுவிடுவார்கள், இறைக்கிற மருந்தை "இதுதான் கேட்குது" என்று வருடக்கணக்கில் பிடித்துக்கொள்வார்கள்.

மெதோட்ரெக்ஸேட்டில் தொடங்குவோம். இது நோவுக்குரிய மருந்தே இல்லை. பலன் தெரிய 6 முதல் 12 கிழமை பிடிக்கும். கிளர்ச்சி வந்த அன்று இதைக் கூட்டிக் குடித்தாலும் அன்று ஒன்றும் நடக்காது, நஞ்சாக மட்டும் மாறும். கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் எடுக்கவேண்டும், வழமையாக 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. இந்த மருந்தில் உயிர்போகிற பெரிய பிழை: கிழமைக்கு ஒருநாள் எடுக்கவேண்டியதைத் தினமும் எடுப்பது. துண்டில் எழுதியது விளங்காமல், அல்லது வீட்டிலுள்ள வயதானவருக்கு வேறொருவர் மருந்து எடுத்துக் கொடுக்கும்போது இது நடக்கிறது. இரத்த அணுக்கள் விழும், வாயும் தொண்டையும் புண்ணாகும், காய்ச்சல் வரும். ஆகவே கிழமையில் ஒரு நாளைத் தெரிவுசெய்து, அதன் பெயரைப் பெட்டியின் மேல் பெரிதாக எழுதுங்கள்: "செவ்வாய் மட்டும்". இன்னொரு பொறி, குளிசை 2.5 மில்லிகிராமிலும் 10 மில்லிகிராமிலும் வருகிறது. ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லையென்று வெளியே பார்மசியில் வாங்கும்போது அளவு மாறலாம். வழமைபோல ஆறு குளிசை என்று எண்ணி விழுங்கினால் 15க்குப் பதில் 60 மில்லிகிராம் உள்ளே போய்விடும். எண்ணிக்கையை நம்பாதீர்கள், மட்டையில் எழுதியிருக்கும் மில்லிகிராமைப் பாருங்கள்.

இதனோடு போலிக் அசிட் தருவார்கள், பெரும்பாலும் 5 மில்லிகிராம், வேறொரு நாளில். அது சத்துக் குளிசை என்று நினைத்து விட்டுவிடவேண்டாம். குமட்டலும் வாய்ப்புண்ணும் குறைவது அதனால்தான். கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள், கலியாணவீடு, செத்தவீடு என்று வெளியூர் போகிறவர்கள் ஒரு முறையைத் தவறவிடுவதுண்டு. இரண்டு நாளுக்குள் ஞாபகம் வந்தால் எடுக்கலாம். அதற்கு மேல் போனால் அந்தக் கிழமையை விட்டு அடுத்த முறைக்குப் போங்கள். இரண்டையும் சேர்த்து ஒருபோதும் எடுக்கக்கூடாது. அணுக்களின் எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகம் மூன்றுக்குமான பரிசோதனை தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒருமுறை, பின்னர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மதுவைக் குறைத்தால் போதாது, விட்டுவிடுவது நல்லது. சலக்கடுப்புக்குக் கொட்ரைமொக்ஸசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுத ஒரு வைத்தியர் போனால், "நான் மெதோட்ரெக்ஸேட் எடுக்கிறேன்" என்று உடனே சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மச்சை முடங்கலாம். பிள்ளை வேண்டுமென்று நினைக்கும் பெண் கருத்தரிக்க முன்னரே, மாதக்கணக்கில் முன்கூட்டி, கிளினிக்கில் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளவேண்டும். லெப்லுனோமைட் என்ற இன்னொரு அடிப்படை மருந்துக்கும் இதே எச்சரிக்கை, அது உடம்பைவிட்டு வெளியேற இன்னும் நெடுநாள் எடுக்கும்.

மற்ற அடிப்படை மருந்துகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சல்பசலசீன் நாளுக்கு 500 மில்லிகிராமில் தொடங்கி, கிழமைக்கு 500 கூட்டி, 2 அல்லது 3 கிராமில் நிற்கும். சலம் செம்மஞ்சளாகப் போனால் பயப்படவேண்டாம். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மென்மையான மருந்து, ஆனால் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளில் 5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. வருடக்கணக்கில் எடுப்பவர் கண் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது.

இனி இறைக்கிற வாளி. 1948இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர், கட்டிலைவிட்டு எழும்பவே சிரமப்பட்ட முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கோட்டிசோன் என்ற ஸ்டீரொயிட்டை ஏற்றினார். சில நாளில் அந்தப் பெண் எழும்பி நடந்தார். இரண்டு வருடத்தில், 1950இல், ஹென்சுக்கும் அவரோடு இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்தை நிறுத்தியதும் வருத்தம் திரும்பி வந்தது, தொடர்ந்து கொடுத்தவர்களுக்கு முகம் ஊதியது, வேறு தொல்லைகளும் கிளம்பின. எழுபது எண்பது வருடம் கழிந்தும், இன்று தரப்படும் ஸ்டீரொயிட் குளிசையான பிரட்னிசொலோன் அதே குணத்தோடுதான் இருக்கிறது.

கிளர்ச்சிக்கு அதைக் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, படிப்படியாக இறக்கிக் கொடுப்பார்கள். ஒரு மாதிரிக் கணக்கு: 5 மில்லிகிராம் குளிசையில் முதல் கிழமை காலையில் மூன்று, இரண்டாம் கிழமை இரண்டு, மூன்றாம் கிழமை ஒன்று, பிறகு நிறுத்தம். மொத்தம் 42 குளிசை. உங்களுக்கான அளவை உங்கள் வைத்தியர்தான் தீர்மானிக்கவேண்டும். ஆனால் அவர் துண்டை நீட்டும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது? முடிவுத் தேதி இல்லாத பிரட்னிசொலோன் துண்டுதான் ஐந்து வருடம் கழித்து எலும்பு முறிவாகவும் கண்புரையாகவும் திரும்பி வருகிறது.

காலைச் சாப்பாட்டோடு எடுங்கள். பின்னேரம் எடுத்தால் நித்திரை வராது. சீனி வருத்தம் உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள்: காலையில் எடுத்த பிரட்னிசொலோன் மத்தியானத்துக்குப் பிறகுதான் சீனியை ஏற்றும். வெறுவயிற்றில் பார்த்த இரத்தம் நல்லாக இருக்கிறதே என்று ஏமாறவேண்டாம், மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். மூன்று கிழமைக்கு மேல் எடுத்தவர் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. வெளியிலிருந்து ஸ்டீரொயிட் வந்துகொண்டிருந்ததால் சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். திடீரென நிறுத்தினால் தலைசுற்று, சத்தி, இரத்த அழுத்தம் விழுதல், மயக்கம் என்று போகும்.

இங்கே ஒரு கசப்பான விஷயம். பெயர் எழுதாத சிறு கடதாசி உறைகளில் "வாதத்துக்கு" என்று கொடுக்கப்படும் குளிசைகளும், எந்த மூலிகை என்று சொல்லப்படாத தூள்களும் உண்டு. ஒரே இராத்திரியில் எல்லா மூட்டும் லேசாகி, பசி பெருகி, சில மாதத்தில் முகம் உருண்டையானால், அதற்குள் ஸ்டீரொயிட் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை நிறுத்தவேண்டும்தான், ஆனால் ஒரே நாளில் அல்ல. உறையையும் தூளையும் அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

ஒன்று அல்லது இரண்டு மூட்டு மட்டும் வீங்கியிருந்தால் மூட்டுக்குள்ளேயே ஸ்டீரொயிட் ஊசி போடலாம். முழங்காலுக்கு மீதைல்பிரட்னிசொலோன் 40 முதல் 80 மில்லிகிராம். உடம்பு முழுக்கப் பரவுவது குறைவு என்பதால் இது நல்ல வழி. போட்ட பிறகு ஓரிரு நாள் அந்த மூட்டுக்கு வேலை கொடுக்காதீர்கள். ஒரே மூட்டுக்கு வருடத்தில் மூன்று நான்கு தடவைக்கு மேல் கேட்கவும் வேண்டாம்.

நோமாத்திரைகளில் பனடோல் பலம் குறைந்தது, பாதுகாப்பும் கூடியது: 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் இல்லை. மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. தடிமனுக்கு வாங்கும் குளிசைக்குள்ளும் அதே மருந்து இருக்கலாம், அதையும் கணக்கில் சேருங்கள். டைக்ளோபெனாக், இபுபுரோபென், நப்ரொக்சன் ஆகியவை வீக்க நோவுக்கு நன்றாகக் கேட்கும். டைக்ளோபெனாக் 50 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை, 150க்கு மேல் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு, வயிற்றைக் காக்க ஒமெப்ரசோல் 20 மில்லிகிராமோடு. ஒன்று கேட்கவில்லையென்று இன்னொன்றையும் சேர்த்துக் குடிப்பது கூடாது. பலன் கூடாது, குடற்புண் மட்டும் கூடும். ஸ்டீரொயிட்டும் சேர்ந்திருக்கும் கிழமைகளில் இரட்டைக் கவனம் வேண்டும்.

சிறுநீரகத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பிரஷருக்கு லொசாட்டனோ எனலாப்ரிலோ எடுத்து, உடம்பில் நீர் கட்டிய வீக்கத்துக்குச் சலத்தைக் கூட்டும் புரூசமைட்டும் எடுக்கும் ஒருவர் அதன்மேல் டைக்ளோபெனாக் போட்டால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தை நெரித்துவிடும். வைகாசி, ஆனி வெக்கையில் கடலிலோ வயலிலோ வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் இது இன்னும் மோசம். பதவி ஸ்ரீபுர போன்ற சிறுநீரக நோய் கூடிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியட்டினின் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் இந்தக் குளிசைகளைத் தொடவே கூடாது. மெதோட்ரெக்ஸேட்டும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. அங்கே அடைபட்டால் வழமையான அளவுகூட நஞ்சாகும்.

மாரியில் காய்ச்சலோடு மூட்டு நோவு வந்தால் அதைக் கிளர்ச்சி என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டாதீர்கள். 2017இல் கிண்ணியாவை டெங்கு என்ன பாடுபடுத்தியது என்பது இந்தத் திருகோணமலை மாவட்டத்துக்குத் தெரியும். டெங்குவில் இரத்தத் தட்டுகள் குறையும். அப்போது டைக்ளோபெனாக், இபுபுரோபென், அஸ்பிரின் எடுத்தால் உள்ளே இரத்தக்கசிவு வரலாம். காய்ச்சல் இருக்கும்வரை பனடோல் மட்டும், இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை, வைத்தியர். சிக்கன்குனியா இன்னும் ஏமாற்றுக்காரன். 2006இன் கடைசியில் கிழக்கில் அது பரவியபோது கண்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும், காய்ச்சல் விட்டும் மாதக்கணக்கில் விரல் மொளியும் கணுக்காலும் முடக்குவாதம் போலவே வீங்கிக் கிடக்கும். பழைய நோயாளிக்கு அது வந்தால் இரண்டில் எது என்று பிரிக்கப் பரிசோதனை வேண்டும்.

கடுமையான காய்ச்சல், நுண்ணுயிர்க்கொல்லி எடுக்கவேண்டிய தொற்று, நிற்காத சத்தி அல்லது வயிற்றோட்டம் இருக்கும் நாட்களில் மெதோட்ரெக்ஸேட்டை அந்தக் கிழமைக்கு நிறுத்திவைத்து வைத்தியரிடம் சொல்லுங்கள். பிரட்னிசொலோன் நெடுநாளாக எடுப்பவர் அதை நிறுத்தக்கூடாது, மாறாக அந்த நாட்களில் அளவு கூட்டவேண்டியும் வரலாம். ஒன்றை நிறுத்து, மற்றதை விடாதே என்பதை வீட்டிலுள்ளவர்களுக்கும் சொல்லிவையுங்கள். நோயாளி படுத்திருக்கும்போது குளிசை எடுத்துக் கொடுப்பது அவர்கள்தானே.

விரத நாட்களிலும் இதே சிந்தனை வேண்டும். நோன்பு காலத்தில் பிரட்னிசொலோனை சஹர் சாப்பாட்டோடு எடுக்கலாம். நாளுக்கு மூன்று முறை டைக்ளோபெனாக் என்பதை நோன்பு திறந்த பிறகு மொத்தமாகப் போட்டு விழுங்கக்கூடாது, வேறு ஏற்பாடு கேளுங்கள். கந்தசஷ்டியில் ஆறு நாளும் உபவாசம் இருப்பவருக்கு அந்தக் குளிசை வெறுவயிற்றில் போவதைவிட, அதைத் தவிர்த்துவிடுவதே மேல். சீனி வருத்தமும் ஸ்டீரொயிட்டும் சேர்ந்திருந்தால் அந்த வருடம் பாலும் பழமுமாவது எடுக்கும் விரதமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் அள்ளிக் குளித்தால் வாதம் போகும் என்ற நம்பிக்கை இங்கே பழையது. காலையில் இறுகிய மூட்டுக்கு வெந்நீர் இதம்தான், கன்னியாவானாலும் வீட்டு வாளியானாலும். ஆனால் தொட்டாலே சுடும், வீங்கிய மூட்டுக்கு அந்த நேரம் குளிர்தான் பொருத்தம்: ஐஸ்கட்டியைத் துவாயில் சுற்றி 10 முதல் 15 நிமிடம். இரண்டுமே உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது, நோவை ஆற்றும். வீக்கம் கடுமையான இரண்டு மூன்று நாளுக்கு அந்த மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள். ஆனாலும் நாளுக்கு ஒருமுறையாவது மெதுவாக முழுவதும் மடக்கி நீட்டுங்கள்.

சில அறிகுறிகளுக்கு அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக்கூடாது. ஒரே ஒரு மூட்டு மட்டும் மற்றவற்றைவிடக் கடுமையாகச் சிவந்து சுட்டு, காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால், அதற்குள் சீழ் பிடித்திருக்கலாம். ஸ்டீரொயிட் எடுப்பவருக்குக் காய்ச்சல் தெரியாமலும் இருக்கலாம். அந்த மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதிக்காமல் அதற்குள் ஸ்டீரொயிட் ஊசி போடக்கூடாது. கறுத்த மலம், மெதோட்ரெக்ஸேட் எடுப்பவருக்கு வரட்டு இருமலோடு மூச்சு வாங்குதல், வாய் முழுக்கப் புண், கண் சிவந்து கடுமையாக நோதல், கழுத்து நோவோடு கை விறைத்தல் ஆகியவையும் அப்படியே. மூச்சுத்திணறலோ மயக்கமோ என்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

வருடத்தில் இரண்டு மூன்று தடவை பிரட்னிசொலோன் தேவைப்பட்டது என்றால் ஓட்டை அடைபடவில்லை. அப்போது வைத்தியர் முதலில் கேட்பது நீங்கள் உண்மையில் எத்தனை கிழமை மருந்து தவறவிட்டீர்கள் என்பதைத்தான். அதற்கு உள்ளதைச் சொல்லுங்கள். ஏச்சு விழுமென்று மறைத்தால், குடிக்காத மருந்து தோற்றுப்போன மருந்தாகக் கணக்கில் ஏறி, தேவையில்லாமல் பலமான ஒன்றுக்கு மாறவேண்டி வரும். ஒழுங்காக எடுத்தும் கிளம்பினால் மெதோட்ரெக்ஸேட்டைக் கூட்டலாம், குளிசையை விட்டுத் தோலுக்குக் கீழ் போடும் ஊசிக்கு மாற்றலாம், சல்பசலசீனையும் ஹைட்ரொக்சிகுளோரோகுயினையும் அதோடு சேர்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் ரிட்டக்சிமாப், டொசிலிசுமாப் போன்ற, நோயெதிர்ப்புப் படையைக் குறிவைத்து அடக்கும் உயிரியல் மருந்துகள். அவற்றைத் தொடங்க முன்னர் காசநோயும் ஈரல் அழற்சிக் கிருமிகளும் உடம்பில் பதுங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். வீட்டில் வைத்துப் போடும் ஊசி என்றால் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டும். கொழும்பிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருபவர் ஐஸ் பெட்டிக்குள் வைக்கும்போது மருந்துப் பெட்டி ஐஸில் நேரே முட்டாமல் நடுவில் துணி வைக்கவேண்டும், உறைந்த மருந்தை இளக்கிப் பாவிக்க முடியாது.